ரேமண்ட் வீட்டுப் புகைபோக்கி

அமெரிக்காவின் பஃபலோ நகரில், கிழக்குப் பக்கத்தில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் மக்கர் செய்தால் பெர்னடெட்டைத்தான் கூப்பிடுவார்கள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவன் வேனையும் சாமான்களையும் விற்காமல், அதே வேலையைத் தானே எடுத்துச் செய்தவள். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று சர்ச் வாசலில் முணுமுணுத்தவர்கள், பனி கொட்டும்போது அவள் வாசலில்தான் வந்து நின்றார்கள். வாய் நீளம், ஆனால் வேலை சுத்தம்.

அந்த அக்டோபரில் அண்ணன் ரேமண்ட் வீட்டுப் பழைய பாய்லரை அவள்தான் உடைத்து வெளியே எடுத்தாள். புதியதற்குச் சுவரைத் துளைத்துப் புகை போகத் தனிக்குழாய் வைத்தாயிற்று. அதுவரை பாய்லரோடு ஒரே செங்கல் புகைபோக்கியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த, கேஸில் எரியும் வாட்டர் ஹீட்டர் இப்போது நிலவறையில் தனியாக நின்றது. எமன் அங்கேதான் உட்கார்ந்திருப்பான். பாய்லர் சூடு இல்லாமல் அவ்வளவு பெரிய புகைபோக்கி சில்லிட்டுக் கிடக்கும். ஹீட்டர் புகைக்கு மேலே ஏறத் தெம்பிருக்காது. வீட்டுக்குள்ளேயே திரும்பும். வாசனையே இல்லாத விஷம் அது.

கதவு ஜன்னலையெல்லாம் சாத்தி, காற்றை வெளியே இழுக்கிற அத்தனையையும் ஓடவிட்டாள். அவை உறிஞ்சுகிற உறிஞ்சில் புகை கீழே இறங்கிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். நிலவறைச் சமையலறையின் விசிறி மட்டும் பாக்கி.

"அண்ணே, இந்த விசிறி?"

"அது செத்து வருஷக்கணக்காச்சு. இங்க யாரு சமைக்கிறா? உன் வேலையப் பாரு, வாயாடி."

"என்னைக்காவது ஓட வச்சா என்னக் கூப்பிடு. மறுபடி சோதிக்கணும்."

"சரிடி தாயே."

ஹீட்டரை எரியவிட்டு, சற்றுப் பொறுத்து, அதன் மேல்மூடி இடுக்கில் தீக்குச்சியை நீட்டினாள். சுடர் உள்பக்கம் சாய்ந்தது. புகை ஒழுங்காக மேலே போகிறது என்று கிளம்பிப் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவர்கள் வழக்கப்படி இறைச்சி கிடையாது, மீன்தான். புதுத் திரைச்சீலையில் மீன் நாற்றம் ஏறக்கூடாது, கீழேயே பொரிக்கிறேன் என்று அண்ணி ஐரீன் பிடிவாதம் பிடித்தாள். பெண்டாட்டி கேட்டுவிட்டாளே, மகராசன் விசிறிக்குப் புது மோட்டார் மாட்டிவிட்டான். தங்கைக்கு ஒரு போன்? அதற்குத்தான் கை வரவில்லை. வந்தால் நாலு கேள்வி கேட்பாளே!

காலையிலிருந்து ஐரீன் கீழே மீன் பொரித்தாள், வெந்நீரைத் திறந்து பாத்திரம் கழுவினாள். விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. தலை வலிக்கிறது என்றாள். எண்ணெய்ப் புகை என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

சாப்பாட்டுக்கு வந்த பெர்னடெட் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. நிலவறைப் படியில் அண்ணன் குப்புறக் கிடந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனை மேலே இழுத்துப் போட்டாள். திரும்ப இறங்கி ஐரீனையும் தூக்கி வந்தாள். அந்த விஷம் ஏறியதில் அவள் கன்னம் இரண்டும் சிவந்திருந்தன, ஆனால் உயிர் இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் ரேமண்ட் தங்கை கையைப் பிடித்தான். "பெர்னி, நான் மோட்டார் மாட்டினத லோரெய்ன்கிட்ட சொல்லாத. மகளும் என்ன வெறுத்துட்டுப் போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

லோரெய்ன் கிளீவ்லாண்டிலிருந்து வந்து சேர்ந்தாள். கட்டில் அருகே நின்று நேராகக் கேட்டாள்.

"அத்தை, நீங்க சோதிச்சுப் பாக்கலையா?"

ரேமண்ட் சுவரைப் பார்த்தான். பெர்னடெட் அண்ணனைப் பார்த்தாள். நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"அந்த விசிறியப் போட்டுப் பாக்கலம்மா."

"எங்கம்மாவக் கொன்னுட்டீங்க."

ஐரீனின் அடக்கத்தன்று பெர்னடெட் கறுப்புக் கோட்டோடு சர்ச்சுக்குப் போனாள். லோரெய்ன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரேமண்ட்தான் படியிறங்கி வந்து குறுக்கே நின்றான்.

"நீ உள்ள வராத," என்றான், மகள் காதில் விழும்படி.