கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கட்டைவிரல்

பக்கவாதம் வந்து என் வலது கை செயலிழந்த மூன்றாவது வாரம், பிசியோதெரபி அறையில் ஒரு மலாய்ப் பெண் என் முன்னால் கண்ணாடி ஒன்றை நிறுத்தி வைத்தாள். வலது கையை அதற்குப் பின்னால் மறைத்தாள். இடது கையை முன்னால் வைத்து விரல்களை விரித்து மடக்கச் சொன்னாள். கண்ணாடியில் பார்த்தால் என் வலது கையே அசைவது போலிருந்தது.

"அங்கிள், மோதிரத்தைக் கழட்டிடுங்க. வலது கையில மோதிரம் இல்லையே, மூளை நம்பாது" என்று மலாயில் சொன்னாள்.

தேவாலயத்தில் என் மனைவி இடது கையில் போட்டுவிட்ட கல்யாண மோதிரம் அது. முப்பது வருடமாகக் கழற்றியதில்லை. அன்று மாலை அவள் என் விரலில் சவர்க்காரத்தைப் பூசி இழு இழு என்று இழுத்தாள்.

"போடும்போது இவ்ளோ கஷ்டமா இல்லையே!"

"அப்ப நான் உன் சமையல சாப்பிடல லா."

பக்கவாதத்தில் என் பேச்சு மட்டும் பாதிக்கப்படாமல் தப்பியிருந்தது. "வாய்க்கும் கொஞ்ச நாள் லீவு கிடைச்சிருக்கலாம்" என்றபடி மோதிரத்தை உருவி எடுத்தாள்.

வீட்டிலும் தினமும் செய்ய வேண்டும், ஓர் அட்டைப்பெட்டியில் கண்ணாடி ஒட்டினாலே போதும் என்றிருந்தாள் அந்தப் பெண். மூவார் நகரில் நாற்காலித் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த சீனத் தச்சர், என்னைப் பார்க்க வந்தபோது இதைக் கேட்டுவிட்டு அளவு நாடாவை எடுத்தார். இரண்டே நாளில் ரப்பர் மரத்தில் ஒரு பெட்டி செய்துகொண்டு வந்து வைத்தார். வழவழவென்று இழைத்து, வார்னிஷ் பூசி, அடியில் இழுப்பறை வேறு வைத்திருந்தார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"பிஸ்கட் வைக்க லா. கண்ணாடியவே பாத்துட்டு இருந்தா பசிக்காதா?"

தினமும் பசியாறிய பிறகு சாப்பாட்டு மேசையில் பயிற்சி. மனைவி எதிரில் உட்கார்ந்து எண்ணுவாள். கண்ணாடிக்குள் என் வலது கை அத்தனை அழகாக விரிந்து மூடும். ஒரு நாள் அந்த மகிழ்ச்சியோடு பின்னாலிருந்த கையை எட்டிப் பார்த்தேன். நனைந்த துணி போலக் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"யாரை ஏமாத்துறோம்? எனக்கு வேணாம்" என்று எழுந்து போய்விட்டேன்.

மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் சாப்பாட்டு மேசையிலிருந்து அவள் கூப்பாடு கேட்டது.

"அலமாக்! ஏங்க, இங்க வாங்களேன்! எனக்கே எது என் கைன்னு தெரியல!"

போய்ப் பார்த்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளை போல விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். சிரித்துவிட்டேன். "எந்திரி, அது என் இடம்" என்றேன்.

பயிற்சி தொடங்கிய ஆறாவது வாரம், எண்ணிக்கொண்டிருந்தவள் நடுவில் சட்டென்று நிறுத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் நடப்பது அவளுக்குத்தான் தெரியும்.

"கட்டைவிரல்! ஏங்க, கட்டைவிரல் அசையுது!"

நான் எட்டிப் பார்த்தேன். அது நின்றுவிட்டது.

"நீங்க ஏன் பாக்குறீங்க? கண்ணாடியப் பாருங்க!" என்று அதட்டினாள்.

திரும்பிக்கொண்டேன். "திரும்பவும் அசையுது" என்றாள்.

இன்றும் சட்டைப் பித்தானை அவள்தான் போட்டுவிடுகிறாள். ஆனால் வலது கை இப்போது பொருள்களைப் பிடிக்கிறது. போன ஹரிராயாப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் விருந்துக்கு அழைத்திருந்தார். அதுவரை யாருக்கும் கை கொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தேன். வலது கை வராது, இடது கையை நீட்டுவது மரியாதை இல்லை. அன்று துணிந்து வலது கையை நீட்டினேன். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

விரல்கள் நன்றாகவே பிடித்துக்கொண்டன. ஆனால் விட மறுத்தன. பிடிக்கப் பழகிய கைக்கு விடத் தெரியவில்லை. பின்னால் விருந்தினர் வரிசை நீண்டது. பெரியவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்ல, மெதுவா மெதுவா" என்று மலாயில் சொல்லிக்கொண்டு அப்படியே நின்றார். என் மனைவி ரெண்டாங் கறித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.