சர்க்கரை போட்ட டீ

எட்டாவது வரை படித்தவள் எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடையாறில் டீக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் குடிநீரோடு சாக்கடை கலப்பதை, தினமும் டீ குடிக்க வரும் நிருபரிடம் நான்தான் சொன்னேன். என் பெயரில்லாமல் எழுதினார்.

செய்தி வந்த அன்று எங்கள் வார்டு கட்சிக்காரர் என் கடையிலேயே நிருபரை மடக்கினார்.

“இன்னா சார், யாரு உனக்கு சொன்னது? இந்தம்மாவா? சொல்லு, கடைய தூக்கிடுறேன்.”

“இவங்க யாருன்னே தெரியாது. இன்னிக்குத்தான் இந்தக் கடைக்கு வர்றேன்.”

வழக்கம்போல் அவருக்குச் சர்க்கரையில்லாத டீ போட்டிருந்தேன். அப்படியே நீட்டினால் வாடிக்கைக்காரர் என்று தெரிந்துவிடும். புது ஆளுக்குப் போடுவதுபோல் இரண்டு ஸ்பூன் சர்க்கரை கலக்கிக் கொடுத்தேன். சர்க்கரை நோய்க்காரர், முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார்.

உண்மையை எழுதுகிறவர் சொன்ன அந்தப் பொய்யில்தான் என் கடை நிற்கிறது.

மறுநாள் அவரைப் பத்திரிகையில் சினிமாப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள்.