பம்பரத்தின் படகு வண்டி

அவளைப் பம்பரம் என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள்; பேச்சும் அப்படித்தான், ஓடிக்கொண்டே இருக்கும். அவளும் கணவனும் ஏரி நடுவிலிருக்கும் பம்பு அறைக்குக் காலையில் ஆட்களைப் படகில் கொண்டுபோய் விட்டு, மாலையில் திரும்ப அழைத்து வருவார்கள். ராத்திரியில் படகைத் தண்ணீரில் விட்டுவைக்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. அதனால் தினமும் சக்கரம் வைத்த இரும்புக் குழாய் வண்டி ஒன்றைச் சரிவில் இறக்கி, படகை அதன்மேல் ஏற்றி மேலே இழுப்பார்கள். கணவன் மேட்டில் நின்று, வண்டியில் கட்டிய கயிற்றை இழுக்கும் வின்ச்சைச் சுற்றுவான். அவள் பின்னாலிருந்து தள்ளுவாள்.

அன்று மாலை பாதிச் சரிவு ஏறியபோது வண்டியின் வலது பக்கக் குழாய் படாரென்று முறிந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு வந்தது. இன்ஜினின் விசிறி அவள் இடுப்பை ஒட்டிப் போனது. அவள் போட்டிருந்த மழைக்கோட்டின் ஓரம் அதில் மாட்டிக் கிழிந்தது. படகு தடாலென்று தண்ணீரில் விழுந்தது.

பம்பரம் முழங்கால் தண்ணீரில் ஓடிப்போய்ப் படகின் கயிற்றைப் பிடித்தாள்.

"ஏங்க, இன்ஜின் சாவி உங்ககிட்ட இருக்கா பாருங்க!"

கணவனால் வின்ச்சின் கைப்பிடியைப் பிடித்த விரல்களை விடுவிக்க முடியவில்லை. அவளே மேலே வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். அன்று இரவு அவன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அவளோ தட்டைக் காலி செய்துவிட்டு, கிழிந்த மழைக்கோட்டுக்கு ஒட்டுப் போட்டாள்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரின் படகை இரவல் வாங்கிக் கணவன் வேலைக்குப் போனான். அவள் உடைந்த வண்டியைச் சரக்கு வேனில் போட்டுக்கொண்டு வெல்டரிடம் போனாள்.

பட்டறை வாசலில் இறக்கியதும் வெல்டர் சுத்தியலால் குழாயைத் தட்டினார். ஒரு முனையில் 'டங்' என்றது. அச்சுக்குப் பக்கத்தில் 'தொப்' என்றது. ஸ்க்ரூ டிரைவரை அங்கே வைத்து அழுத்தினார். அது பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"என்னங்க இது!" என்றாள் பம்பரம்.

அவர் முறியாத இடது பக்கக் குழாயையும் அறுத்தார். பழுப்புச் சேறும் துருச் செதிலும் கொட்டின. சாம்பல் கூடையைக் கவிழ்த்த மாதிரி தரையில் குவிந்தன.

"போல்ட் ஓட்டை வழியா தண்ணி உள்ள போயிருக்கு, வெளிய வர வழியில்ல. உள்ளேர்ந்தே தின்னுடுச்சு. இவ்வளவு நாளும் இந்தப் படகைத் தாங்கினது இரும்பு இல்லம்மா, பெயிண்ட்."

மாலையில் கணவன் அங்கே வந்து அந்தக் குவியலைப் பார்த்தான். வருடாவருடம் மழைக்கு முன்னால் நீலப் பெயிண்ட் அடித்தது அவன்தான். "பளபளன்னு இருந்துச்சேம்மா" என்றான்.

"சரி விடுங்க, புதுசா செஞ்சுக்கலாம்" என்று அவள் கிளம்பிவிட்டாள்.

முதல் குழாய்க் கடையில் வாசல் கேட்டுக்குப் போடும் மெல்லிசான குழாய்தான் இருந்தது. இரண்டாவது கடைக்காரர், "படகுக்கு வண்டியா? படகே வண்டிதானேம்மா?" என்று சிரித்தார். கடைசியில், கட்டடங்களுக்குத் தீயணைப்புக் குழாய் போடுகிற ஒருவரிடம் தடித்த குழாய் மிச்சம் கிடைத்தது. படகின் அடிப்பாகம் உட்காரக் கல் உடைக்கும் ஆலையில் கழித்துப் போட்ட ரப்பர் பெல்ட் வாங்கினாள். அச்சுக்கும் சக்கரத்துக்கும் பழைய கார்களைப் பிரித்து விற்கிற, தெரிந்த அண்ணன் ஒருவரிடம் போனாள்.

அண்ணன் ஒரு சின்ன காரின் பின் அச்சைக் காலால் உருட்டித் தள்ளினார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இடுப்பு ஓரமா போச்சா? இதைப் போய்ச் சிரிச்சுக்கிட்டே சொல்றே?"

"வேற எப்படிண்ணே சொல்றது? கோட்டுதானே கிழிஞ்சுது."

"உனக்கு நெஞ்சு இருக்குதா இல்ல கல்லு இருக்குதா? சரி, செஞ்ச வண்டியை அப்படியே ஏரியில இறக்கிடாத. உருக்கின துத்தநாகத்துல முக்கி எடு. துரு கிட்டவே வராது."

அவர் இதைச் சொன்னபோது வண்டி பாதி முடிந்திருந்தது. துருவைப் பார்த்த பயத்தில் அவள் வெல்டரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்: "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாது. எல்லா முனையையும் மூடிடுங்க." பெயிண்ட்தான் அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்து வெல்டரும் கச்சிதமாக மூடிவிட்டார்.

சக்கரமும் ரப்பரும் இன்னும் மாட்டாத வண்டிச் சட்டத்தைப் பம்பரம் ஊருக்கு வெளியே இருந்த முக்கி எடுக்கும் ஆலைக்குக் கொண்டுபோனாள். உள்ளே நீளமான தொட்டியில் உருகிய துத்தநாகம் வெள்ளிப் பாய் விரித்த மாதிரி கிடந்தது. பத்தடி தள்ளி நின்றாலே முகம் தகித்தது. புருவம் பாதி கருகிய ஒரு தொழிலாளி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். கொக்கியை மாட்டப் போன கை பாதியில் நின்றது.

"யாரும்மா இதை இப்படி மூடச் சொன்னது?"

"நான்தான். தண்ணி போகாம இருக்க."

"உள்ள காத்து அடைஞ்சிருக்கு. இதை அப்படியே இறக்கினா சூட்டுல வெடிக்கும். தொட்டியில இருக்கிறதெல்லாம் மேல தெறிக்கும்."

"தெறிச்சா... இங்க யாரு நிப்பாங்க?"

"நான்தான் நிப்பேன். வேற யாரு?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பம்பரம் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் நின்ற இடத்தைப் பார்த்தாள். அங்கிருந்த இரும்புக் கட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். யாரோ கொடுத்த தேநீர் உதட்டுக்குப் போகாமல் மடியில் சிந்தியது. சூடு கூட உறைக்கவில்லை.

தகவல் கேட்டுக் கணவன் ஓடிவந்தான். அவனைக் கண்டதும் அவள் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்கதாங்க போச்சு. இங்க. நான் பின்னாலதானே நின்னேன்."

"ஆமாம்மா."

"செத்திருப்பேனே!"

"ஆமாம்மா" என்று சொல்லி அவனும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அழத் தெரியாதவள் என்று பேரெடுத்தவள், முன்பின் தெரியாத ஆட்கள் நடுவே, விக்கி விக்கி அழுதாள். தொழிலாளி சங்கடப்பட்டு, வண்டியைத் தானே கொக்கியில் தூக்கி ஓரமாக வைத்து, ஒவ்வொரு குழாயின் இரண்டு முனையிலும் ஓட்டை போட்டார். "காத்தும் போகும், ஏரித் தண்ணியும் வடிஞ்சிடும்" என்றார்.

புது வண்டி வந்தபின் அவர்கள் வேலைமுறையை மாற்றினார்கள். படகின் பின்முனையில் இரண்டு நீளக் கயிறு கட்டி, பம்பு அறை ஆட்கள் இருவர் ஆளுக்கொரு பக்கமாக விலகி நின்று படகு திரும்பாமல் பிடித்துக்கொள்வார்கள். பின்னால் ஒருவரும் நிற்பதில்லை. பம்பரம் இப்போது மேட்டில் வின்ச் சுற்றுகிறாள். பழைய சுறுசுறுப்பு போய்விடவில்லை, பேச்சும் குறையவில்லை. படகு சரிவில் ஏறும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவள் யாரிடமும் பேச மாட்டாள்.