குடை குறியீடல்ல

ஒஸ்லோவில் படம் தொடங்கும் முன்பே கண்ணீர் துடைக்கக் காகிதம் தருகிறார்கள். நாங்கள் வசிக்கும் பகுதியின் நூலகத்தில் கதிரைக்கு ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார்கள். யப்பானிய அனிமே ஒன்றைக் காட்டிவிட்டு, நினைவும் காயமும் பற்றிக் கலந்துரையாடுவார்களாம். மகள் மாதுமைதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

படத்தில் ஒரு பெடியன். தோழி செத்துப்போகிறாள். அவளைக் காப்பாற்றக் காலத்தில் பின்னால் போகிறான், தவறுகிறான், மறுபடி போகிறான். ஒவ்வொரு தடவையும் அதே மெத்தையில் கண்விழிக்கிறான்; கீழே காலைச் சாப்பாடு ஆயத்தமாக இருக்கிறது. நடந்ததெல்லாம் தனக்கு மட்டுமே ஞாபகமாம். அந்தப் பாரத்தில் தான் யாரென்பதே மறந்துபோகிறதாம். சுற்றியிருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று போட வேண்டும் போலிருந்தது.

முடிந்ததும் கூட்டத்தை நடத்திய இளம்பெண், ஒரு நாளுக்குத் திரும்பிப் போகலாமென்றால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டாள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். போர் நடந்த நாட்டுக்காரி என்பது இவர்களுக்கு எப்படியோ மணந்துவிடும்.

"குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு புறப்படுவேன்" என்றேன்.

அவள் நெஞ்சில் கைவைத்து, "குடை! எவ்வளவு ஆழமான குறியீடு" என்றாள்.

குறியீடல்ல. கறுப்புத் துணிக்குடை. சண்டை நெருங்கி, எங்கள் உடுவிலை விட்டு ஊரே தென்மராட்சிக்கு நடந்த நாளில் மழை பெய்தது. றோட்டுக்கு ஏறிய பின்தான் குடை ஞாபகம் வந்தது. பதினாறு வயதுத் தம்பி தயாளனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். அவன் போன பக்கம் செல் விழுந்து வெடித்தது. அவன் வரவில்லை. நோர்வேயில் முப்பது வருசமாக மழையில் நனைந்தே வேலைக்குப் போகிறேன். கூட வேலை செய்பவர்கள் என்னை இயற்கைப் பிரியை என்கிறார்கள்.

அந்தப் படம் பார்த்த பிறகு, இந்த ஆடியில் மாதுமையோடு உடுவிலுக்குப் போனபோது அண்ணையிடம் முதல் தடவையாக இதைச் சொன்னேன். அன்று எங்களோடு நடந்தவர் அவர். பிறகு ஊருக்கே திரும்பி வந்து இருந்துவிட்டார்.

"உனக்கென்ன விசரே? குடைக்கோ?" என்றார். "மாட்டை அவிட்டுவிடச் சொல்லி நானெல்லோ அவனை அனுப்பினனான்."

"இல்லை அண்ணை, நான்தான்."

"அம்மாவும் சாகுமட்டும் தான்தான் அனுப்பினது எண்டு சொல்லிக்கொண்டு கிடந்தவ. சாமிப்படம் எடுக்கவாம்."

முப்பது வருசமாக என்னுடையதென்று வைத்திருந்த குற்றத்தை அவர் பறித்துக்கொண்டதுபோல எனக்குக் கோபம் வந்தது. படத்தில் வந்த பெடியனுக்குத் திரும்பிப் போக ஒரு நாள் பழுதில்லாமல் கிடைத்தது. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று நாள்; நான் போய் என் வாயைப் பொத்தினாலும் மற்ற இருவரும் அவனை அனுப்பிவிடுவார்கள். அதைவிடக் கேவலம், எனக்கு மட்டுமே ஞாபகம் என்று நானும் அந்தப் பெடியனைப் போலவே அழகு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"யார் சொல்வது உண்மை?" என்று, எங்கள் தமிழை அரைகுறையாகவே பிடித்துக்கொண்ட மாதுமை நோர்வீஜிய மொழியில் கேட்டாள். அதே மொழியில் பதில் சொல்லத் தொடங்கினேன்.

"எனக்கும் விளங்கிற மாதிரித் தமிழிலை கதை" என்றார் அண்ணை.

தமிழுக்குத் திரும்பினேன். பாதியிலேயே மகளின் முகத்தில் ஒன்றும் விளங்காத வெறுமை வந்தது. இருவருக்கும் நடுவில் இருந்து, இந்தப் பக்கம் ஒரு வசனமும் அந்தப் பக்கம் ஒரு வசனமுமாகச் சொல்லிக்கொண்டு போனேன். தயாளன் என்ற பெயரை மட்டும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.