காஞ்சிபுரத்துக் கடலுக்கு ஒரு யுவி விளக்கு

வண்ண மீன் வியாபாரம் என்பது உயிரோடு விற்றுவிட்டு, செத்த பிறகு பதில் சொல்கிற வியாபாரம். விடிந்ததும் பல்கூடத் தேய்க்காமல் தொட்டி முன்னால் நின்று, "எல்லாம் இருக்குதா?" என்று எண்ணிப் பார்க்கிறவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி. உட்காருங்கள், என் கதையைச் சொல்கிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக் கடைகளுக்கு நடுவே பத்துக்குப் பத்தில் எனக்கு ஒரு கடை. முகூர்த்தப் புடவை எடுக்க வந்த இடத்தில் பிள்ளை அழுதால், ஒரு கப்பி மீனை வாங்கிக் கையில் கொடுத்து அடக்குவார்கள். அதுதான் என் பிழைப்பு. செல்போன் எல்லார் சட்டைப் பையிலும் ஏறத் தொடங்கிய வருடங்களில், அந்தப் பிழைப்பை வைத்துக்கொண்டு கடலில் இறங்கினேன்.

நன்றிக்கு ஒரு தொட்டி

என் மகளுக்கு நாலு வயதில் நிமோனியா. சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டின் முன்பக்கமே கிளினிக் வைத்திருந்த குழந்தை டாக்டரம்மா, அவளை ஐந்து நாள் பக்கத்திலேயே வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார். அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது? எனக்குத் தெரிந்தது மீன் ஒன்றுதான். "குழந்தைங்க பார்க்கறதுக்கு ஒரு தொட்டி வெச்சித் தர்றேம்மா" என்றேன்.

நாலு கோல்டு ஃபிஷ்ஷோடு நிறுத்தியிருக்கலாம். என் போறாத காலம், உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்தேன். நூறு லிட்டர். நாலைந்து பவளம், ஒரு இறால், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளௌன் மீன் ஒரு ஜோடி. "காஞ்சிபுரத்தில் கடல் மீன் நாலு நாள் தாங்காது" என்று எல்லாரும் டாக்டரம்மாவிடம் சொன்னார்கள். தாங்கும் என்று சொன்ன ஒரே ஆள் நான். நானும் அதற்கு முன்னால் வைத்ததில்லை. அது அவருக்குத் தெரியாது.

ஊசிக்குப் பயந்து கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கிய பிள்ளைகள், அந்த ஜோடியைப் பார்த்தபடியே கையை நீட்டின. டாக்டரம்மா ஒரு நாள் சொன்னார்: "செல்வம், எனக்கு இன்னொரு நர்ஸ் கிடைச்ச மாதிரி இருக்கு. இது லீவும் கேக்கறதில்ல."

எத்தனை வாட்?

மூன்றாவது மாதம் க்ளௌன் மீன் இரண்டின் மேலும் ரவையைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். அந்த ஜோடி போய்விட்டால் என் மகளைக் காப்பாற்றியவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? பஸ் ஏறிச் சென்னைக்கு ஓடினேன். எனக்குச் சரக்கு போடுகிற வியாபாரி மருந்துப் புட்டியைக் காட்டி, தொடாதே என்றார். அதில் செம்பு இருக்கிறதாம். மீன் பிழைக்குமாம், பவளமும் இறாலும் போய்விடுமாம். அதற்குப் பதிலாக யுவி விளக்கு வை என்றார். ஒரு குழாய்க்குள் புற ஊதா விளக்கு எரியும். மோட்டார் வைத்துத் தண்ணீரை அதைச் சுற்றி ஓட விட்டால், மிதந்து வருகிற கிருமி சாகும். மீன் உடம்பில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதை அது ஒன்றும் செய்யாது, புதிதாக ஒட்ட வருவதைத்தான் தடுக்கும்.

ஒன்பது வாட், பதினெட்டு வாட், முப்பத்தாறு வாட் என்று வரிசையாக எடுத்து வைத்தார். வாட் ஏற ஏறக் கிருமிக்குக் கஷ்டம் என்பது என் கணக்கு. பதினெட்டை எடுத்தேன். அதிலும் நீல வெளிச்சம் வெளியே தெரிகிற மாடல், அப்போதுதானே வேலை செய்கிறது என்று நம்புவார்கள்! மோட்டாரிலும் இருந்ததற்குள் பெரியது. பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் கால் வைக்கும்போது வியாபாரி கேட்டார்: "அண்ணே, தொட்டி என்ன சைஸுன்னு கடைசி வரிக்கும் சொல்லவே இல்லியே?"

நீல வெளிச்சம்

மாட்டிய மறுநாள் தொட்டித் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. சித்திரை வெயில் போதாதென்று விளக்குச் சூடும் மோட்டார்ச் சூடும் சேர்ந்துகொண்டன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அதைவிடப் பெரிய வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. கூரத்திலிருந்து வந்த ஒரு அம்மா, கைக்குழந்தையின் துணியைத் தளர்த்தி, அந்த நீல வெளிச்சத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறந்த வாரம் குழந்தைக்கு மஞ்சள் காமாலையாம். பெரிய ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழேதான் படுக்க வைத்தார்களாம்.

பதறிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். இது வேறு விளக்கு, கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். டாக்டரம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றபிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அன்று மத்தியானமே சென்னைக்குப் போய், ஒரு கீற்று வெளிச்சம்கூட வெளியே வராத கறுப்புக் குழாயாக, ஒன்பது வாட்டில் மாற்றி வந்தேன். ஆனால் அந்த அம்மாவுக்கு என்மேல் கோபம் தீரவில்லை. குழந்தையோடு கிளம்பும்போதே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "மீனுக்குன்னா நாள் பூரா எரிய வுட்டுக்கினு கீறீங்க, கொயந்தைக்கு அஞ்சு நிமிசம்னா பிளக்கைப் புடுங்கறீங்களேபா!"

சீனுவின் சாயப் பாடம்

விளக்கை மாற்றினேனே தவிர, மோட்டார் அதே பெரிய மோட்டார். பத்து நாளாகியும் புள்ளி குறையவில்லை. ஜோடியில் பெரியது இரை எடுப்பதை நிறுத்திவிட்டது. கடையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்போது சீனு வந்தான். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன், என் வயசுக்காரன், கப்பி வளர்க்கிறவன். விரல் பத்தும் எப்போதும் அரக்குச் சிவப்பு. என் புலம்பலைக் கேட்டுவிட்டு, தண்ணீர் குழாய்க்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கேட்டான். பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டான்.

"நூல் கழியை முக்கின உடனே தூக்கினா சாயம் புடிக்குமாபா? கோல்ல மாட்டி, திருப்பித் திருப்பி ஊற வுடணும். அடுப்புல தீயை ஏத்திக்கினே போனா மட்டும் ஆயிடுமா? உன் தண்ணி வெளக்கைப் பார்க்கறதுக்குள்ள ஓடியே பூடுது."

அன்றே குழாயில் ஒரு திருகு வைத்து ஓட்டத்தைக் கால்வாசியாக்கினேன். நாலைந்து நாளில் பெரியது மறுபடி இரை எடுத்தது. மாதம் முடிவதற்குள் இரண்டின் மேலும் புள்ளி இல்லை. விளக்குதான் காப்பாற்றியது என்று சத்தியம் பண்ணமாட்டேன், ஆனால் சீனுவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவன் விலகி நின்று சொன்னான்: "சட்டையில சாயம் ஒட்டிக்கும்பா. கப்பித் தீனி ரெண்டு பாக்கெட் குடு, வாத்தியார் ஃபீஸு."

சுருங்கின பவளம்

மீன் தேறியது, பவளம் சுருங்கியது. பூப்போல விரிந்து கிடந்தவை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. ஒரு காலையில் இறால் மல்லாந்து கிடந்தது. யுவி விளக்குதான் எமன் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள், நானும்தான். அதை நிறுத்தியும் பார்த்தேன். பலனில்லை. டாக்டரம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பாவம், இதுகளை வருத்தப்படுத்த வேண்டாம் செல்வம். ஞாயித்துக்கிழமை எடுத்துடலாம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சனிக்கிழமை சாமான்களை மூட்டை கட்டப் போனேன். நர்ஸ் மெர்சி பின்கட்டில் ஒரு செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "தொட்டிக்கு ஊத்தற கொடம்ணே. உள்ள பச்சையாப் புடிச்சிக்குது" என்றாள். தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது கேன் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தேன். ஊற்றிக்கொண்டிருந்ததோ செப்புக் குடத்தில் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீர். ஆவியாகிறது தண்ணீர் மட்டும்தான், செம்பு எங்கே போகும்? மருந்துப் புட்டிக்குப் பயந்து பஸ் ஏறி ஓடிய நான், போகும்போதெல்லாம் அந்தக் குடத்திலிருந்து ஒரு டம்ளர் வாங்கிக் குடித்திருக்கிறேன்!

ஊற்றியவர் டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் ராகவன் சார். ஏனாத்தூர்ப் பக்கம் கல்லூரியில் சமஸ்கிருதம் நடத்துகிறவர். எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார். தயங்கித் தயங்கிக் கேட்டதற்குச் சொன்னார்: "கேன் ஜலத்தை நம்மாத்துல யாரும் தொடமாட்டா. வாயில்லா ஜீவனுக்கு மட்டும் அதை எப்படி ஓய் குடுக்கறது?"

தினமும் கேட்கிற கேள்வி

உள்ளதைச் சொன்னபோது ராகவன் சாரின் முகம் விழுந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கவே வேண்டாமே என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் ரிக்‌ஷாவில் நாலு கேனோடு வந்து இறங்கினார். நானும் மெர்சியும் வாரம் இரண்டு தடவை தண்ணீர் மாற்றினோம், கரித்தூள் பை போட்டோம். ஐந்தாவது வாரம் ஒரு பவளம் விரலளவு திறந்தது. ராகவன் சார் முட்டி போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. இறால் திரும்பவில்லை. க்ளௌன் ஜோடி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தொட்டியை எடுக்கிற பேச்சு அதன்பின் அந்த வீட்டில் வரவில்லை.

என்னை மன்னித்துவிடுங்கள், ஆரம்பத்திலேயே நான் கேட்டிருக்க வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நீங்க எதுக்கு? கைக்குழந்தையோட வர ஒவ்வொரு அம்மாகிட்டயும் நான் மொதல்ல கேக்கறது, என்ன தண்ணி குடுக்கறேங்கறதுதான். முப்பது வருஷமாக் கேக்கறேன். எங்காத்துல கேக்கலை பாருங்கோ."

இத்தனை வருட மீன் வியாபாரத்தில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் வாங்க வந்தவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நான் அவர்களுக்குச் சொன்னது விலை ஒன்றுதான்.