இரண்டாவது சி.டி.

எங்கள் வீட்டில் உலகத்திலேயே சிறந்த படங்கள் மூன்று இருந்தன. அப்பாவின் படத்தில் கடைசி இருபது நிமிடங்களும் நீதிமன்றத்திலேயே நடக்கும். மாமாவின் படத்தில் ஏழு சண்டைகள். அவற்றில் ஒன்று ஓடும் ரயிலின் மேல். அத்தையின் படத்தில் ஒரு படகோட்டி வருவான். அம்மாவுக்கென்று படம் எதுவும் கிடையாது. தியேட்டரில் நன்றாகத் தூக்கம் வரும் என்பதுதான் சினிமாவைப் பற்றி அம்மா சொன்ன ஒரே கருத்து.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகள் ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூடிக் கிடக்கும். ஆட்களை ஏற்றிப் போகும் வேன் வராது. காலை எட்டு மணிக்குப் பெரியவர்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பதே எனக்கு வேடிக்கையாக இருக்கும். அந்த ஒரு மாதமும் படச் சண்டை நடக்கும். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அது எல்லை மீறியது.

அத்தை அப்பாவின் அக்கா. நான் பிறப்பதற்கு முன்பே கணவரைக் கம்பெனி விபத்தில் இழந்து எங்களோடு வந்து இருந்தவர். பேச்சு குறைவு. ஆனால் அந்தப் படத்தின் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் தெருப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுவார்கள்.

கதை இதுதான். கடற்கரையில் ஒரு படகோட்டி, மீன் ஏலக்காரரின் மகளை விரும்புவான். பாட்டும் கேலியுமாக இடைவேளை வந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு நாள் அவன் உடம்பெல்லாம் தீப்பிடித்துக்கொள்ளும். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் அவனை வாழை இலையில் கிடத்துவார்கள். அவள் இலையை மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். நாற்பத்தோராம் நாள் அவன் கண்ணைத் திறந்து, "நா வறளுது, ஒரு கலர் வாங்கிட்டு வா" என்பான். அவள் மாடிப்படி இறங்கி ஓடி, எதிர்க் கடையில் ஒரு கலர் சோடா வாங்கிக்கொண்டு, பாட்டில் நுரைக்க நுரைக்கத் திரும்பி வருவாள். அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பான்.

இந்த இடத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். கடலில் இருப்பவனுக்கு எப்படித் தீப்பிடித்தது, அவனை ஏன் மதுரைக்குக் கொண்டுபோனார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் மனிதனுக்கு ஆபத்து என்றால் தீ. ஆஸ்பத்திரி என்றால் மதுரை.

மாமா, அம்மாவின் தம்பி. சிவகாசியில் அச்சாபீஸ் வேலை. அந்த வருட போனஸில் ஒரு சி.டி. பிளேயர் வாங்கியிருந்ததால் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"பத்து நாள்கூட ஓடாத படமாம்ல மதினி?"

"ஓடுறதுதான் கணக்குன்னா ரயில விட நல்ல படம் ஏதுப்பா?" என்றார் அத்தை.

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்க பிரஸ்ல அம்புட்டுப் பேருகிட்டயும் கேட்டுட்டேன். இப்படி ஒரு கதைய எவனும் பார்த்ததில்ல. நீங்களே கட்டிவிடுறீக."

பெண்கள் அத்தையைப் பார்த்தார்கள். எனக்குத்தான் முகம் சுட்டது. அந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று மாமாவிடம் சவால் விட்டேன்.

அத்தை என் பக்கம் திரும்பி, "தேடிப் பாரு தாயி. எனக்கும் பார்க்கணும்" என்றார். இன்னொரு தடவை பார்க்க ஆசைப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் சி.டி. வாடகைக் கடை இருந்தது. படத்தின் பெயரைச் சொல்லிக் கடைக்காரரிடம் மூன்று முறை நடந்தேன். நான்காவது முறை, மதுரையிலிருந்து வந்தது என்று ஒரு காகித உறையை நீட்டினார். உள்ளே இரண்டு சி.டி.கள். சிவப்பு மையில் ஒன்று, இரண்டு என்று எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு நிறைந்துவிட்டது. முதல் சி.டி. அத்தை சொன்னபடியே போனது. படகு, ஏலம், தூது போகும் குட்டிப் பையன், எல்லாம் இருந்தன. வசனங்களை நடிகர்களுக்கு அரை நொடி முன்னால் அத்தை முணுமுணுத்தார். இடைவேளை என்று எழுத்து விழுந்தபோது மாமா கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பாப் பேசிட்டேன் மதினி" என்றார். நான் எழுந்து நின்று தெருப் பெண்களைப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது சி.டி.யை நானே போட்டேன்.

எல்லோரும் தீக்காகக் காத்திருந்தோம். படகோட்டி பீடி பற்றவைத்தான். "இப்பத்தான்" என்றார் ஒரு பெண். அவன் இரண்டு இழுப்பு இழுத்து அதைக் கடலில் எறிந்தான். அடுப்பு எரிந்தது, அவன் அதன் பக்கமே போகவில்லை. பெண்ணின் அப்பா மறுத்தார், பிறகு சம்மதித்தார். கடைசியில் கல்யாணம். கல்யாணத்தில் வாணவேடிக்கை. அறையில் இருந்த பெரியவர்களில் மாமாவைத் தவிர அத்தனை பேரும் பட்டாசு வேலை செய்கிறவர்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. வெடிகள் வரிசையாக மேலே போய் ஒழுங்காக வெடித்தன. புகை விலகியது. பட்டு வேட்டியில் படகோட்டி சிரித்துக்கொண்டு நின்றான். சுபம்.

அத்தை முன்னால் நகர்ந்து டி.வி.க்கு மிக அருகில் போயிருந்தார். "அவனுக்கு ஒண்ணுமே ஆகலையா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

மாமா சிரிக்க ஆரம்பித்தார். "எந்தப் படத்து ரீல இங்கன ஒட்டுனீக மதினி?"

அப்பா எழுந்து வந்து டி.வி.யின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பொருள்களை அதிராமல் கையாளும் மனிதர். அவர் எதையும் பிடுங்கி நான் பார்த்ததில்லை. சட்டை போடாமல் வெளியே போய்விட்டார். மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

எனக்கு இத்தனை பேர் முன்னால் தோற்றுப்போனது நான்தான் என்று பட்டது. "பொய் சொல்லியிருக்கீக அத்த" என்றேன்.

அத்தை அணைந்த திரையைப் பார்த்தபடி, "ஆமா தாயி" என்றார்.

அம்மா என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஓங்கிய கையை இறக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"உங்க அத்த அந்தப் படத்த இடைவேளை வரைக்கும்தான் பார்த்தாக. ஞாயித்துக்கிழமை. சீசன் ஆர்டருன்னு உங்க அத்த வீட்டு மாமா வேலைக்குப் போயிருந்தாக. கம்பெனியில வெடிச்சிருச்சு. உங்க அப்பாதான் தியேட்டருக்கு ஓடுனாக. இந்த ஊரு, இன்னாரு சம்சாரம், உடனே வெளிய வரவும்னு எழுதிக் குடுத்து, அத இடைவேளையில திரையில காட்டுனாங்க."

அம்மா கதவுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"மதுரையில மூணு நாள் இலையில போட்டிருந்தாக. மூணாம் நாள் கலர் கேட்டாகளாம். இவுக கீழ போயி வாங்கிட்டு வர்றதுக்குள்ள…"

அம்மா முடிக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டார். எனக்கு மனதில் நின்றது ஒன்றுதான்: அத்தை பாதிப் படம்தான் பார்த்திருக்கிறார், மீதி பொய். வகுப்பில் காப்பி அடித்தவளைக் கண்டுபிடித்ததுபோல் இருந்தது.

மறுநாள் சி.டி.களைத் திருப்பிக் கொடுத்தேன். அத்தையோடு நான்கைந்து நாள் பேசவில்லை. அவர் எப்போதும்போல எனக்குத் தலை பின்னிவிட்டார்.

அடுத்த தீபாவளி முடிந்து வேன் நின்றதும் பெண்கள் மறுபடி வந்தார்கள். சண்டைக்கு மாமா வரவில்லை. அத்தை படகிலிருந்து தொடங்கினார். ஏலம் வந்தது, தூது வந்தது, பாட்டு வந்தது. இடைவேளையில் நிறுத்திக்கொண்டார்.

"பெறகு மதினி?" என்று ஒரு பெண் கேட்டார்.

"பெறகு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருந்தாக" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதற்கடுத்த வருடம் யாரும் கதை கேட்க வரவில்லை. அத்தையைப் பொய் சொல்லாமல் திருத்திவிட்டேன் என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். கலர் பாட்டிலோடு படியேறி ஓடி வந்துகொண்டிருந்தவளை நான் வழியிலேயே நிறுத்திவிட்டேன் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.