கமராவுக்கு முன்னாலை ஒரு கதிரை

வீடு வீடாக் கமரா பூட்டுறதுதான் என்ரை தொழில். ஏணியிலை ஏறினால் ஊர் தெரியும், இறங்கினால் ஊர்ச்சண்டை தெரியும். படிப்பு என்னோடை எட்டாம் வகுப்பிலை கோவிச்சுக்கொண்டு போட்டுது. வயர் இழுக்க அது தேவையுமில்லை. உங்கடை வீட்டு முகட்டிலையும் ஒண்டு தொங்குமெண்டால், "ஏன் இண்டைக்கு முத்தம் கூட்டேல்லை?" எண்டு கனடாவிலை இருந்து ஆரும் கேட்டிருப்பினம். அப்ப நீங்களும் என்ரை ஆக்கள்தான். கிட்ட வந்து இருங்கோ.

வான் நிண்ட இடம்

ஒரு கடை முதலாளி, சாமான் ஏத்துற வான் எங்கை நிக்குதெண்டு போனிலை காட்டுற சின்னப் பெட்டி ஒண்டு பூட்டுவிச்சார். மத்தியானமானால் வான் தெல்லிப்பழையிலை ஒரே இடத்திலை நிக்குது. "றைவர் படுத்து நித்திரை கொள்ளுறான், பிடிக்கிறன் பார்" எண்டு என்னையும் மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு பறந்தார். சண்டை பாக்கப் போறனெண்டு நான் அவிச்ச கடலையும் வாங்கிக்கொண்டு போனன்.

வான் ஆசுபத்திரி மதிலோடை நிண்டது. றைவர் உள்ளை புற்றுநோய் வாட்டிலை தன்ரை மனுசிக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தான். அவளின்ரை தலையிலை ஒரு மயிர் இல்லை. முதலாளி கட்டில் காலைப் பாத்தபடி நிண்டார். கடலை என்ரை கையிலை ஆறிப்போச்சு. றைவர் கரண்டியைக் கீழை வைக்காமலே சொன்னான்: "என்னட்டைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே முதலாளி."

நெத்தியில்லாத சாமான்

பண்டத்தரிப்பிலை இராசாத்தி அக்கா எண்டு ஒருத்தி. புருசன் செத்துப்போனார், ஒரே மகள் கனடாவிலை. தாய் தனிய இருக்கிறா எண்டு மகள்தான் முன் விறாந்தையிலை கமரா பூட்டச் சொன்னவள். இங்கை ஆரும் அசைஞ்சால் அங்கை அவளின்ரை போன் கத்தும்.

சரசுவதி பூசையண்டு அவள் அழுதுகொண்டு எனக்குப் போன் எடுத்தாள். "அண்ணை, கமரா முழுக்க ரத்தம்! அம்மா போன் எடுக்கிறா இல்லை, ஓடுங்கோ!" நான் செருப்பும் போடாமல் ஓடினன். அக்கா அங்கை ஆறுதலா அவல் குழைச்சுக்கொண்டிருக்கிறா. மண்வெட்டிக்குப் பொட்டு, சைக்கிளுக்குப் பொட்டு, தேங்காய்த் திருவலைக்குப் பொட்டு. கமராவின்ரை கண்ணிலை அப்பம் மாதிரிச் சந்தனமும் குங்குமமும். "கண்ணை மறைச்சு ஆரும் பொட்டு வைப்பினமோ அக்கா?" எண்டன். அவ என்னைத்தான் விசரனைப் பாக்கிறமாதிரிப் பாத்தா: "அப்ப உதுக்கு நெத்தி எங்கையிருக்கெண்டு காட்டன் தம்பி!"

கத்தாத போன்

அண்டைக்கு மகள் கனநேரம் தாயோடை கதைச்சாள். அக்கா அதை ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சா. பேந்து கமராக் கண்ணிலை அடிக்கடி பொட்டு வரத் தொடங்கிச்சு. நான் துடைச்சுப்போட்டு வர, திரும்பவும் இருக்கும். கேட்டால் வெள்ளிக்கிழமை எண்டுவா, சதுர்த்தி எண்டுவா. பொட்டு வைச்சால் போன் வரும், அதுதான் அவவின்ரை விரதம்.

மகளையும் பிழை சொல்லேலாது. பிள்ளையளைப் பள்ளிக்கூடத்திலை விட்டிட்டு ஒரு வேலை, அது முடிய இன்னொரு வேலை. கடைசியிலை அலுத்துப்போய் என்னட்டைச் சொன்னாள்: "அண்ணை, அம்மா முத்தம் கூட்டினாலும் கத்துது, கோழி பறந்தாலும் கத்துது, வேலையிலை எனக்குப் பேச்சு விழுது. உதை எப்பிடி நிப்பாட்டுறதெண்டு காட்டித் தாங்கோ." நானும் காட்டிக் குடுத்தன்.

சிவப்பு லைற்

இருட்டுக் கண்டால் கமராவிலை சின்னச் சிவப்பு லைற்றுகள் தானா எரியும். இருட்டிலை படம் தெரியிறதுக்குத்தான், வேறை ஒண்டுக்குமில்லை. ஒரு பின்னேரம் அந்தப் பக்கம் போனால், அக்கா முகம் கழுவி, சீலை மாத்தி, பவுடரும் போட்டு, கமராவுக்கு நேரை கதிரையிலை இருக்கிறா. "ஆரும் பொம்பிளை பாக்க வருகினமோ அக்கா?" எண்டு பகிடி விட்டன். சத்தம் போடாதை எண்டு கையைக் காட்டினா.

லைற் எரிஞ்சுது. அக்கா நிமிந்து இருந்து கமராவைப் பாத்துச் சிரிச்சா. மகளின்ரை போன் கத்துறதில்லை எண்டு அவவுக்குத் தெரியாது. அக்கா மெதுவாச் சொன்னா: "இங்கை பொழுதுபட அங்கை விடியும் தம்பி, பிள்ளை எழும்பின உடனை என்னைத்தான் பாக்கிறாள்."

காட்டுக்குள்ளை ஆர்?

மாரியிலை காய்ச்சலெண்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன அக்கா பெட்டியிலைதான் திரும்பி வந்தா. மகள் வந்து சேருமட்டும் வைச்சிருந்துதான் எடுத்தது. எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிய மகள் என்னைக் கூப்பிட்டாள். "பின்னேரத்திலை அம்மா சீலை மாத்தி வெளிக்கிட்டுக் கதிரையிலை இருக்கிறவவாம், பக்கத்து வீட்டாக்கள் சொல்லுகினம். நான் ஒருநாளும் பாக்கேல்லை அண்ணை. கமராவுக்கை அது இருக்குமல்லே?"

கமராவுக்கை நகமளவிலை ஒரு மெமறி காட் இருக்கு. ஆள் அசைய அசைய அதிலை படம் பதியும்; நிரம்பினால் பழசை அழிச்சு அதுக்கு மேலை புதுசு பதியும். அக்கா தனிய நடமாடினமட்டும் அது லேசிலை நிரம்பேல்லை. செத்தவீட்டுக்கு ஊரே திரண்டு வந்தது. போனிலை போட்டுக் காட்டினன். பந்தல் போடுறாங்கள், வெத்திலை போடுகினம், சீட்டுக்கடதாசி விளையாடுகினம். மகள் படலையாலை ஓடி வாறாள். பெட்டியை மூடிக் கொண்டுபோகினம். மகள் விறாந்தைத் தூணோடை சாஞ்சு இருக்கிறாள், இருக்கிறாள், இருந்துகொண்டேயிருக்கிறாள். நான் பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் பாத்தன். பந்தலுக்கு முந்தினதெல்லாம் அழிஞ்சுபோச்சு. அவள் அழேல்லை. போனை என்ரை கையிலை திருப்பித் தந்தாள்: "அம்மாவைக் காணேல்லை அண்ணை, முழுக்க நான்தான் நிக்கிறன்."

கமராவுக்கு நான் ஒரு வருச வாறண்டி குடுக்கிறன், பாக்கிற ஆளுக்கும் வாறண்டி இருக்கோ எண்டு இண்டைவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லைக் கண்டியளோ.